அடுப்பு ஆனேக்கல்லில், ஆள் ஸ்ரீராம்புரத்தில்

போன மாதம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. ஓய்வுபெற்ற கள ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் படிவத்தை நீட்டியவனிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு கேள்விகள் சுலபமாகப் போயின. பன்னிரண்டாவதில் நின்றுவிட்டேன்.

"ஒரு சமூகத்தின் முக்கியமான இயல்புகளை அறிய அதன் பெருநகரங்களை ஆராய்ந்தால் போதுமா?"

எதிரே மூன்று பெட்டிகள். ஆம். இல்லை. சொல்ல இயலாது.

பேனாவை மூடிவைத்துவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

வேலைக்கு வருமுன் பெங்களூரில் ஒரு தமிழ் மாலைப் பத்திரிகையில் இரண்டு வருடம் உள்ளூர்ச் செய்தி எழுதினேன். பார்த்ததை ஒரு வாக்கியத்திலும் கேட்டதை இன்னொரு வாக்கியத்திலும் எழுத வேண்டும், இரண்டையும் கலந்தால் அன்றைக்குச் சம்பளம் வாங்காதே என்பார் ஆசிரியர். பத்திரிகை நின்றுபோனது. பரீட்சை எழுதிக் குடும்ப ஆய்வு செய்யும் அலுவலகத்தில் சேர்ந்தேன். பயிற்சி ஆறு வாரம். அதில் நினைவில் நிற்பது மதியச் சாப்பாடும் ஒரே ஒரு வரையறையும்தான்.

சேர்ந்து வசித்து, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அவ்வளவுதான். ரத்த உறவு வேண்டியதில்லை. அண்ணன் தம்பி ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அடுப்பு இரண்டு என்றால் குடும்பமும் இரண்டு. கூடவே ஓர் ஆறு மாதக் கணக்கு உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வேறிடத்தில் இருப்பவர், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், இந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டார்.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவையோ கிராமத்தையோ தேர்ந்தெடுத்துத் தருவார்கள். முதலில் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்க வேண்டும். கதவின் மேல்மூலையில் சாக்பீஸால் எண் போட வேண்டும். பட்டியல் முடிந்ததும் அதிலிருந்து சில வீடுகளைக் குலுக்கல் மாதிரி பொறுக்கி, அங்கே நீண்ட படிவத்தோடு போய் உட்கார வேண்டும். வீட்டில் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது. அதற்குச் சத்தியப் பிரமாணம் போலக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஸ்டெல்லா மேடம். கன்டோன்மெண்ட் பக்கம் ஒரு தேவாலயத்தின் பின்தெருவில் வீடு. தமிழில் கண்டிப்பார், கன்னடத்தில் வேலை வாங்குவார், ஆங்கிலத்தில் விடுப்பை மறுப்பார். ஒரு வீட்டுக்குள் நுழையும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நான் மணி பார்த்தா அவங்க சுருக்கமா பேசுவாங்க ரகு. சுருக்கமா பேசினா பொய் சொல்றது சுலபம்."

வீட்டில் எத்தனை பேர் என்று அவர் எடுத்த எடுப்பில் கேட்டதே இல்லை. "காலையில யாரு முதல்ல எழுந்திரிப்பாங்க?" என்பார். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று கேட்டுக்கொண்டே போவார். ஐந்து பேர் என்று சொல்ல நினைத்த வீடு மூன்றாவது ஆளோடு எழுந்து முடிந்துவிடும். வாசலில் செருப்புகளை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவார். செருப்பு எண்ணிக்கைக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் எங்கள் படிவம் திரும்பி வரும். படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். அங்கே 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலானவர்கள் அதில் ஒரு கோடு போட்டு அனுப்புவார்கள். "கோடு போட்டிருக்கியே, வீட்டுல ஒண்ணுமே பாக்கலியா, கண்ணை மூடிக்கிட்டா போன?" என்பார்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலம் வந்த பிறகு அங்கே பட்டியல் எடுக்கப் போனோம். ஒரு பிஜி விடுதி, நான்கு மாடி. விடுதிவாசிகள் எல்லோரும் ஒரே சாப்பாட்டுக்கூடத்தில் சாப்பிட்டாலும், அவரவர் காசு கொடுத்துச் சாப்பிடுவதால் எங்கள் விதிப்படி ஒவ்வொருவரும் தனித்தனிக் குடும்பம். மேலாளர் இதைக் கேட்டு மிரண்டுபோனார்.

"சார், இது வீடே இல்ல. பெட்டு. நான் பெட்டு கணக்குதான் வச்சிருக்கேன்."

திருப்பத்தூர்ப் பையன் ஒருவன் கட்டிலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். குடும்பத் தலைவர் பெயர் கேட்டேன். அப்பா பெயரைச் சொன்னான். இல்லை, நீதான் குடும்பம், நீதான் தலைவர் என்றேன். உடனே போனை எடுத்துவிட்டான்.

"அம்மா, ஒரு குட் நியூஸ். நான் குடும்பத் தலைவன் ஆயிட்டேன். கவர்ன்மெண்ட்டுலருந்து வந்து சொல்றாங்க. இல்லம்மா, கல்யாணம்லாம் இல்ல. சும்மா பேருக்குத்தான்."

ஒரே கட்டடத்தில் அத்தனை குடும்பத் தலைவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் ஸ்ரீராம்புரத்தில் அதே விதி எனக்குச் சிரிப்பாக இல்லை.

ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். ஒருவர் வீட்டில் தாளித்தால் நான்கு வீட்டில் தும்முவார்கள். எங்களுக்குக் கிடைத்த சந்தில் ஒரு மாடிவீடு. மேலே வீட்டுக்காரர் சம்பங்கி, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழே ஒற்றை அறையில் முனியம்மா, மாநகராட்சியில் தெரு பெருக்கும் வேலை. கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கியது. 'வாடகைக்கு விடப்படும். ஃபேமிலிக்கு மட்டும்.' அப்போது வீடு எதுவும் காலி இல்லை. ஆனாலும் பலகை இருந்தது. சந்துக்கே அது ஓர் அறிவிப்பு.

என்னோடு வந்த சக ஊழியர் மேல்வீட்டையும் தெருவையும் பார்த்துக்கொண்டார். கீழ்வீட்டு வாசலில் நான் எண்ணியது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒரு ஜோடி மாநகராட்சி பூட்ஸ். முனியம்மா கதவைத் திறந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சீருடையைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"காலையில யாரும்மா முதல்ல எழுந்திரிப்பாங்க?"

"நான்தான். நாலு மணிக்கே."

"அடுத்து?"

"அடுத்து ஜெயா, என் தங்கச்சி. அப்புறம் பசங்க மூணு. ரெண்டு அவ பசங்க, ஒண்ணு என் பொண்ணு."

"எங்க அவங்கல்லாம்?"

"ஆனேக்கல்ல."

ஆனேக்கல் நகரத்துக்கு வெளியே, தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் உள்ள சிற்றூர். அறையைப் பார்த்தேன். அலமாரியில் பாத்திரங்கள், சுவரில் காலண்டர், மூலையில் சுருட்டிய பாய். அடுப்பு இல்லை. சமையல் எங்கே என்று கேட்டேன்.

"சமையல் ஆனேக்கல்ல. கேரியர் பஸ்ஸுல வரும் சார். தெனமும். ஞாயித்துக்கெழம அவங்களே வந்துடுவாங்க."

வரையறையை மனதுக்குள் ஓட்டினேன். ஒரே அடுப்பு, சரி. ஆனால் சேர்ந்து வசிக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் இவர் இங்கே, அவர்கள் அங்கே. சந்தேகமே இல்லை. அப்போதுதான் என் வேலை வாழ்க்கையின் மோசமான காரியத்தைச் செய்தேன். தெருவில் பட்டியலோடு நின்ற சக ஊழியரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "கீழ்வீடு ஒண்டி ஆள். அடுப்பு இல்ல."

மாடிப்படியில் சம்பங்கி நின்றிருந்தார். எதிர்வீட்டு வாசலில் அந்த வீட்டுக்காரரும் நின்றிருந்தார். இந்த எதிர்வீட்டுக்காரரின் அக்கா மகன் கல்யாணமாகாதவன் என்ற ஒரே காரணத்துக்காகச் சம்பங்கி அவனுக்கு அந்த அறையைக் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

"என்னாண்ணா," என்றார் எதிர்வீட்டுக்காரர். "எங்க பையனுக்கு மட்டும் ஃபேமிலி வேணும்னீங்க. இப்ப கவர்ன்மெண்ட்டே சொல்லுது, ஒண்டின்னு."

சம்பங்கியின் முகம் சுருங்கிவிட்டது. படியிறங்கி வந்தார்.

"ஏம்மா, ஃபேமிலின்னுதானே உள்ள வந்த?"

"ஃபேமிலிதாண்ணா. ஞாயித்துக்கெழம நீயே பாக்குறியே. பசங்க மொட்டமாடியில உன் கொடிக்கம்பியையே அறுத்தாங்களே."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். சர்க்கார் ஒண்டின்னு எழுதியாச்சு. சந்துல நான் எப்படித் தல நிமிந்து நடக்கிறது? மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்க."

முனியம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சார், உங்களுக்கு நான் தண்ணி குடுத்தேன்," என்றார். அந்த அறையை விட்டால், விடியுமுன் வேலைக்கு நடந்துபோகிற தூரத்தில், தனியாக இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பெங்களூரில் வீடு தேடிய எல்லோருக்கும் தெரியும்.

அலுவலகத்துக்குப் போய் ஸ்டெல்லா மேடத்திடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உன் கையெழுத்து எங்கிட்டதான் இருக்கு, தெரியுமில்ல? வீட்டுல சொன்னதை வெளிய சொல்லமாட்டேன்னு."

"தெரியும் மேடம். படிவத்துல அஞ்சு பேர்னு மாத்திடலாமா?"

"அது ரெண்டாவது தப்பு. ஒரு தப்பே போதும்." யோசித்துவிட்டுக் கேட்டார்: "கேரியரை நீ பாத்தியா, கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்ப பாக்கலாம். எப்படியும் இந்த வாரம் ஆனேக்கல் கிராமங்கள் இருக்கு. நாளைக்கு மார்க்கெட்டுக்கு வந்துடு, ஆனேக்கல் பஸ் அங்கதான் வந்து நிக்கும்."

மறுநாள் காலை பத்து மணி சுமாருக்கு ஆனேக்கல் பஸ் மார்க்கெட்டில் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து நடத்துனர் ஐந்தடுக்குக் கேரியர் ஒன்றைத் தூக்கி ஜன்னல் வழியாக நீட்டினார். முனியம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். முந்தின நாள் கேரியரை இவர் நீட்ட, அவர் வாங்கிக்கொண்டார். அது காலியாகப் போகவில்லை. கொத்தமல்லிக் கட்டு, இருமல் மருந்து, சுருட்டிய இந்திய வரைபடம் ஒன்று. கடைசியை நடத்துனர் விசாரித்தார்.

"இது எதுக்கும்மா?"

"சின்னவனுக்கு. நதி வரையணுமாம். மடிச்சிடாத சாமி, கோதாவரி கிழிஞ்சிடும்."

எங்களைக் கண்டதும் முனியம்மாவின் முகம் இறுகியது. ஆனாலும் மேம்பாலத் தூணடியில் கேரியரைத் திறந்தபோது, "சாப்ட்டுப் பாருங்க, ஒண்டி ஆள் சாப்பாடான்னு," என்றார். கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மேடம் கூச்சப்படாமல் ஒரு கவளம் முள்ளங்கி சாம்பார் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தங்கை வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். முனியம்மா தோளைக் குலுக்கி முகவரி சொன்னார்.

அதே பஸ்ஸில் ஏறிப் போனோம். ஜெயாவின் வீடு ஆய்வில் இல்லை. அதனால் மேடம் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கடிகாரத்தை மட்டும் கழற்றினார். காபி வந்தது. இரண்டு பர்னர் அடுப்பு, அதன்மேல் பெரிய குக்கர். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டுகள். நான் எண்ணினேன், ஐந்து.

"நாலு பேருக்கு அஞ்சு தட்டா?" என்றேன்.

"அக்கா தட்டு சார். அதை உள்ள எடுத்து வச்சா பசங்க சண்டைக்கு வருவாங்க, பெரிம்மா தட்டை ஏன் எடுத்தேன்னு." ஜெயா சிரித்தார். "எம்பசங்களுக்கு பெங்களூருன்னா வேற ஒண்ணுமில்ல, பெரிம்மா வீடு. ஞாயித்துக்கெழம மட்டும்தான் தொறக்கும்."

திரும்பும் பஸ்ஸில் மேடம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பொம்மசந்திரா தாண்டியதும் சொன்னார்:

"நம்ம சிட்டி பாரத்தை மட்டும் படிக்கிறவன் என்ன நெனப்பான்? இந்த ஊர்ல ஜனங்க தனித்தனியா இருக்காங்க, சமைக்கிறதை விட்டுட்டாங்கன்னு நெனப்பான். ஆனேக்கல் பாரத்தை மட்டும் படிக்கிறவன்? ஒரு பொம்பளை, மூணு பசங்க, ஏன் இவ்ளோ சோறு வடிக்கிறாங்கன்னு கேப்பான். ரெண்டு பாரமும் பொய் இல்ல."

"அப்ப என்ன எழுதறது மேடம்?"

"ஒண்ணுன்னுதான். விதி விதிதான். கடைசிப் பக்கத்துல மிச்சத்தை எழுது. கோடு போட்டே, கொன்னுடுவேன்."

அன்றைக்கு நான் எழுதிய குறிப்பு அரைப்பக்கம் வந்தது. கேரியரின் அடுக்குகள், வரைபடம், ஐந்தாவது தட்டு எல்லாம் அதில் உண்டு. எங்கள் தலைமையகத்தில் யாராவது படித்தார்களா என்று தெரியாது. ஆனால் அரைப்பக்கக் குறிப்பு முனியம்மாவுக்கு வீடு பிடித்துத் தராது. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அவர் படிவத்தில் இருப்பதை வீட்டுக்காரரிடம் விளக்கவும் முடியாது. விளக்கினால் அது நான் செய்த அதே தப்பு.

மறுநாள் மேடம் ஸ்ரீராம்புரம் கிளம்பினார். மேலதிகாரி மறுசோதனை செய்வது வழக்கம்தான். பட்டியலில் ஒரு வீட்டை எடுத்து, ஊழியர் எழுதியது சரியா என்று தானே கேட்டுப் பார்ப்பார். அவர் எடுத்தது மேல்வீடு. என் சக ஊழியர் அங்கே மூன்று பேர் என்று எழுதியிருந்தார்.

மாடிவாசலில் மேடம் குனிந்து பார்த்தார். ஒரு ஜோடி தோல் செருப்பு. பக்கத்தில் மரத்தட்டில் இன்னும் நான்கு ஜோடி. அவற்றின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலை எனக்குக் காட்டினார். தூசி. பிறகு கடிகாரத்தைக் கழற்றினார்.

"வாங்க மேடம்," என்றார் சம்பங்கி. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"காலையில யாரு சார் முதல்ல எழுந்திரிப்பாங்க?"

"நான்தான்."

"அடுத்து?"

சம்பங்கி கொஞ்சம் யோசித்தார். "சம்சாரம். ஆனா அவ இப்ப ஓசூர்ல. பொண்ணு பிரசவத்துக்குப் போனா. வந்துடுவா."

"சந்தோஷம். குழந்தை என்ன பண்ணுது?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு பல்லு மொளச்சிருச்சு மேடம். தவழ்றான். கைக்கு எட்டினதெல்லாம் வாயிலதான்."

மேடம் பேனாவை நகர்த்தவில்லை. குழந்தைக்குப் பல் முளைத்த பிறகு ஆறு மாதக் கணக்கைத் தனியாக எண்ண வேண்டியதில்லை.

"மகன்?"

"எலெக்ட்ரானிக் சிட்டியில வேல. இங்கருந்து போனா போக வர பாதி நாள் ரோட்லதான். அங்கயே பிஜியில இருக்கான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வருவான், துணி துவைக்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"சமையல்?"

"எனக்கு டீ போடத் தெரியும். சாப்பாடு மெஸ்ஸுல."

மேடம் மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். சம்பங்கி எழுதும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதினீங்க மேடம்?"

"உங்க பாரம், நீங்க கேக்கலாம். ஒரு ஆள் குடும்பம். அடுப்பு டீக்கு மட்டும்."

"அய்யோ. சம்சாரம் இருக்கா, பையன் இருக்கான், பொண்ணு இருக்கா, பேரன் இருக்கான். எனக்கா குடும்பம் இல்ல?"

"யாரு சொன்னா இல்லன்னு? நெறைய இருக்கு. எங்க பாரத்துல ஒரே கூரை, ஒரே அடுப்புன்னு ஒரு கட்டம், அதுக்குள்ள நிக்கறவங்களை மட்டும்தான் எழுதுவோம். வெளிய நிக்கறவங்க சொந்தம் இல்லன்னு அர்த்தம் இல்ல சார்."

கீழ்வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தார். சம்பங்கி நாற்காலியிலேயே இருந்தார்.

"பேனாவுலயா எழுதினீங்க, பென்சிலா?"

"பேனா."

நாங்கள் படியிறங்கிச் சந்தின் பாதி தூரம் போயிருப்போம். பின்னால் சத்தம் கேட்டது. சம்பங்கி மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"யோவ்! கேட்டுக்க! நானும் ஒண்டிதான்யா. சர்க்காரே எழுதிடுச்சு, பேனாவுல! என்னையும் காலி பண்ணச் சொல்லேன் பாக்கலாம்!"

எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். முனியம்மாவின் கதவு திறந்தது. அவர் மேலே பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். என்ன நடந்தது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிப்பு என்று எழுதுகிறேன். முகத்தைப் பார்க்கவில்லை.

மேடம் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இனிமே தெருவுல கத்தாத."

நீண்ட படிவத்துக்காக அடுத்த மாதம் அதே சந்துக்குப் போனேன். கேட்டில் தகரப் பலகை இல்லை. முனியம்மா வீட்டு வாசலில் தண்ணீர் டிரம்முக்கு மூடியாகக் கிடந்தது, எழுத்து மேலே தெரிய. முனியம்மா தண்ணீர் கொடுத்தார். இந்த முறை குடிப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்," என்றவர் உடனே அலுத்துக்கொண்டார். "உங்களால எனக்குத் தொல்லைதான். ஓனருக்கு மெஸ் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கலயாம். ஜெயா இப்ப ஆறடுக்குக் கேரியர் வாங்கிட்டா."

மாடியிலிருந்து சம்பங்கியின் குரல் கேட்டது. "ஏம்மா, இன்னிக்கு என்ன கொழம்பு?"

"பஸ் வந்தாதாண்ணா தெரியும்!"

ஆராய்ச்சி நிறுவனத்தின் படிவத்தை இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். பன்னிரண்டாவது கேள்விக்கு மூன்று பெட்டிகளையும் காலியாக விட்டு, கடைசிப் பக்கத்துக்குப் போனேன். 'குறிப்புகள்' என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். முதல் வரியில், நகரத்து வீட்டில் அடுப்பு இல்லையென்றால் கேரியர் எந்த பஸ்ஸில் வருகிறது என்று கேளுங்கள் என எழுதினேன். இரண்டாவது வரியில், அந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போகும்போது கோதாவரி கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அவர்களுக்குப் புரியாது. விளக்கம் வேண்டுமென்றால் வரட்டும். கடிகாரத்தைக் கழற்றிவிட்டுச் சொல்கிறேன்.